யன்னல் கண்ணாடிக்குள்ளே மங்கல்: வாசகர் கேள்வி – பதில்

குளிர் தொடங்கிவிட்டது. இந்த மாதம் வந்த கேள்விகளில் யன்னல் பற்றியவைதான் அதிகம். ஆகவே கூரை, பேஸ்மென்ற் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இந்த முறை முழுக்க யன்னலுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு கட்டி இருபது வருடம் இருக்கும். குசினியில் பின்வளவைப் பார்த்தபடி இருக்கும் பெரிய யன்னலில் காலையில் வெள்ளையாக ஒரு மங்கல் தெரிகிறது. உள்ளே துடைத்தாலும் போகவில்லை, வெளியே துடைத்தாலும் போகவில்லை. வந்து பார்த்த விற்பனையாளர், "சீல் போய்விட்டது, ஒன்று போனால் மற்றதும் போகும், வீடு முழுக்க மாற்றுவதுதான் புத்தி" என்கிறார். பெரிய தொகை சொல்கிறார். உண்மையாகவே மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகி, ஸ்காபுறோ

பதில்: அக்கா, முதலில் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். சீல், அதாவது கண்ணாடிகளின் விளிம்பை அடைத்திருக்கும் பசை, போயிருக்கிறது என்பது சரியாகத்தான் இருக்கும், இரண்டு பக்கமும் துடைத்தும் போகவில்லை என்றால் ஈரம் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக வீடு முழுக்க மாற்ற வேண்டும் என்பது சரியில்லை. பெரும்பாலும் அந்த ஒரு யன்னலைக்கூட முழுதாக மாற்றத் தேவையில்லை. பிறேமை அப்படியே விட்டுவிட்டு கண்ணாடியை மட்டும் மாற்றலாம், இதை அந்த விற்பனையாளர் உங்களுக்குச் சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் கோபம்.

நடுவில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். கனடாவில் இப்போது நாம் பாவிக்கும் யன்னல்களில் இரண்டு கண்ணாடி, சிலதில் மூன்று, சுற்றிவர ஒரு இடைப்பட்டி வைத்து ஒட்டப்பட்டிருக்கும். நடுவில் காற்று அல்லது ஆர்கன் வாயு. அந்தப் பட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சின்ன மணிகள் இருக்கும், புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிறு பைக்குள் இருப்பவை போல. விளிம்பில் இரண்டு அடுக்குப் பசை: உள்ளே இருக்கும் பியூட்டில் நீராவியைத் தடுக்கிறது, வெளியே இருக்கும் சிலிக்கோனோ பொலிசல்பைட்டோ கண்ணாடிகளை இறுக்கிப் பிடிக்கிறது. எந்தப் பசையும் ஈரத்தை முற்றாக அடைத்துவிடாது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே வரும், மணிகள் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும், ஒரு நாள் மணிகளுக்கு வயிறு நிறைந்துவிடும். அதற்குப் பிறகு வரும் ஈரம் கண்ணாடியில்தான் படிய வேண்டும். பதினைந்து, இருபது, இருபத்தைந்து வருடத்தில் இது நடப்பது சாதாரண விஷயம். உங்கள் யன்னல் தன் காலத்தை ஓட்டி முடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே வீட்டில் சில யன்னல்கள் மட்டும் முந்திப் போவதற்கும் காரணம் இருக்கிறது. வெளியே மைனஸ் 20 பாகை, வீட்டுக்குள்ளே 20 பாகை என்றால் நடுவில் உள்ள வாயு ஏறத்தாழ 0 பாகையில் இருக்கும். அப்போது அது சுமார் 7 வீதம் சுருங்கப் பார்க்கும், கண்ணாடி இரண்டும் உள்நோக்கி வளையும். வெயில் அடித்தால் திரும்பவும் வெளியே தள்ளும். தெற்கையும் மேற்கையும் பார்த்த யன்னல்களில் இந்த இழுபறி நாளுக்கு நாள் நடக்கிறது, விளிம்பில் இருக்கும் பசை அதையெல்லாம் தாங்க வேண்டும். இதைவிடக் கெட்டது அடியில் தேங்கும் தண்ணீர். பிறேமின் வெளிப்பக்கம் அடியில் சின்னத் துளைகள் இருக்கும், மழைத்தண்ணீர் வடிந்து போவதற்கு. அவை தூசியாலும் பூச்சிக்கூட்டாலும், சில வீடுகளில் யாரோ நல்ல மனதோடு பூசிய சிலிக்கோனாலும் அடைபட்டுப் போயிருக்கும். அப்போது கண்ணாடியின் கீழ் விளிம்பு தண்ணீரிலேயே ஊறிக்கொண்டிருக்கும். எந்த சீலும் அதற்கு நின்றுபிடிக்காது. இன்றைக்கே வெளியே போய் உங்கள் மற்ற யன்னல்களின் துளைகளைப் பாருங்கள், ஒரு மெல்லிய கம்பியால் மெதுவாகச் சுத்தம் செய்தால் போதும். யன்னல் கழுவ பிறஷர் வொஷர் வேண்டவே வேண்டாம்.

தொடக்கத்தில் மங்கல் காலையில் வரும், வெயில் ஏற மறைந்துவிடும். கோடையில் முற்றாகக் காணாமல் போகும், "சரியாகிவிட்டது" என்று நினைப்போம். அடுத்த குளிருக்குத் திரும்பி வரும். பிறகு துளி துளியாகத் தண்ணீர் தெரியும், ஓடிய கோடுகள் தெரியும். கடைசியில், ஈரம் காய்ந்த பிறகும் போகாத ஒரு வெள்ளைப் படலம் நிற்கும். அது கண்ணாடியிலிருந்தே கரைந்து வந்த உப்பு, கண்ணாடியை அரித்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இன்னும் முதல் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: யன்னல் கொம்பனியை விட்டுவிட்டு ஒரு கண்ணாடிக் கடையைக் கூப்பிடுங்கள். "சீல்ட் யூனிற் மாற்ற வேண்டும்" என்று கேளுங்கள், வயதானவர்கள் தேர்மோபேன் என்று சொல்வதும் அதைத்தான். வந்து அளவெடுத்து, ஓடர் கொடுத்து, சில வாரத்தில் புதிய கண்ணாடியைக் கொண்டுவந்து போடுவார்கள். வைனில் பிறேம் என்றால் உள்ளே சுற்றிவர கண்ணாடியைப் பிறேமோடு பிடித்திருக்கும் பட்டியைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை வைத்துப் பட்டியைத் திரும்ப அடித்துவிடுவார்கள். முழு யன்னல் மாற்றும் செலவோடு பார்த்தால் மிகக் குறைவாகவே வரும். மூன்று கடையிலாவது விலை கேளுங்கள், கேட்கும்போது சூட்டை வெளியே விடாத லோ-ஈ பூச்சும் ஆர்கனும் சேர்த்த விலையா என்றும் கேளுங்கள்.

முழு யன்னலையும் மாற்றத்தான் வேண்டும் என்ற நிலையும் உண்டு. மரப் பிறேம் உக்கியிருந்தால், வைனில் வளைந்து மூட முடியாமல் இருந்தால், சுற்றிவரக் குளிர்காற்று வந்தால், சுவரில் தண்ணீர் இறங்கிய அடையாளம் இருந்தால், அப்போது கண்ணாடிக்குச் செலவழிப்பது வீண். மாற்றச் சொல்பவரிடம் இவற்றில் எது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: போன வருடம்தான் புது யன்னல் போட்டோம். செப்டம்பர் மாதம் விடியற்காலையில் வெளிப்பக்கம் முழுக்க நனைந்து போயிருந்தது, பக்கத்து வீட்டுப் பழைய யன்னலில் ஒன்றும் இல்லை. ஏமாந்துவிட்டோமா?
— வாசகர், மார்க்கம்

பதில்: இல்லை ஐயா, நல்ல யன்னல் போட்டிருக்கிறீர்கள். லோ-ஈ பூச்சு வீட்டுச் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது, அதனால் வெளிக் கண்ணாடி குளிர்ந்து போய் புல்லில் பனி படிவது போலவே அதிலும் படிகிறது. பக்கத்து வீட்டில் சூடு கண்ணாடி வழியே வெளியே போய்க்கொண்டிருப்பதால்தான் அது காய்ந்திருக்கிறது. வெயில் வந்ததும் போய்விடும்.

கேள்வி: கண்ணாடியில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே கழுவிக் காயவைத்து மங்கலை எடுத்துத் தருகிறோம் என்று விளம்பரம் பார்த்தேன். மாற்றுவதைவிட மலிவு. செய்யலாமா?
— வாசகர், ஏஜக்ஸ்

பதில்: தம்பி, அதில் பொய் இல்லை, மங்கல் போகும். ஓட்டை வழியே கழுவி, காயவைத்து, ஈரம் வெளியேற ஒரு சின்ன வால்வை வைத்துவிட்டுப் போவார்கள். பார்வைக்குத் தெளிவாகிவிடும். ஆனால் போன ஆர்கன் திரும்பி வராது, போன சீல் ஒட்டாது, கண்ணாடி ஏற்கெனவே அரித்திருந்தால் அந்த வெள்ளையும் போகாது. உத்தரவாதம் மிச்சமிருந்தால் ஓட்டை போட்ட அன்றோடு அதுவும் முடிந்தது. ரெம்பர்ட் கண்ணாடியில் (சூடாக்கிக் கடினப்படுத்திய பாதுகாப்புக் கண்ணாடி) ஓட்டை போடவே முடியாது, முழுக்கப் பொடியாகிக் கொட்டிவிடும். இரண்டொரு வருடத்தில் வீட்டை விற்கப் போகிறீர்கள், உயரத்தில் ஒரு கண்ணாடி மட்டும் கண்ணைக் குத்துகிறது என்றால் யோசிக்கலாம். இருக்கப் போகும் வீட்டில் அந்தக் காசைப் புதிய கண்ணாடிக்கே போடுங்கள்.

விளிம்பைச் சுற்றி வெளியே சிலிக்கோன் பூசினால் நிற்குமா என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். நிற்காது. ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான் நடக்கும்.

கேள்வி: நாங்கள் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு யன்னலிலும் உள்பக்கம் தண்ணீர் ஓடுகிறது, கீழே பெயின்ற் உரிந்து கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. வீட்டுக்காரர் "நீங்கள் சமைப்பதுதான் காரணம்" என்கிறார். சின்னப் பிள்ளை இருக்கிறது, பயமாக இருக்கிறது.
— வாசகி, பிரம்ரன்

பதில்: தங்கச்சி, உள்பக்கம் துடைத்தால் போகிறது என்றால் இது சீல் போன பிரச்சினை இல்லை. வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. இடியப்பம் அவித்து, சோறு வடித்து, இரவு உடுப்பை உள்ளே காயப்போட்டால் அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கேயாவது போய்ப் படியத்தான் வேண்டும். காஸ் அடுப்பு எரியும்போது அதிலிருந்தும் நீராவி வரும். ஆனால் மனிதர் சமைப்பார்கள், குளிப்பார்கள் என்று எண்ணித்தான் ஒரு வீட்டை வாடகைக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஈரம் வெளியே போக வழி வைப்பது அவருடைய பொறுப்பு. குசினியில் வெளியே தள்ளும் விசிறி இருக்கிறதா, அல்லது காற்றைச் சுற்றி உங்கள் முகத்துக்கே விடும் விசிறியா? குளியலறையில் விசிறி வேலை செய்கிறதா? ஒரு துண்டு ரிஷு பேப்பரை அதன் முன் பிடித்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

வீட்டு ஈரப்பதம் காட்டும் சின்ன மீற்றர் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும், ஒன்று வாங்கி வையுங்கள். கடும் குளிரில் 30 வீதத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும், மைனஸ் 20க்குக் கீழே போகும் நாட்களில் அதிலும் குறைவாக. உங்கள் வீட்டில் 55, 60 காட்டினால் ஆச்சரியப்பட மாட்டேன். மேல்மாடியில், வீட்டைச் சூடாக்கும் பேர்ணஸோடு பூட்டிய ஹியூமிடிபையர் (காற்றுக்கு ஈரம் சேர்க்கும் கருவி) ஓடிக்கொண்டிருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள், பேஸ்மென்றுக்கும் அதே காற்றுத்தான் வருகிறது. உங்கள் பக்கத்தில், சமைக்கும்போது மூடி போட்டு விசிறியை ஓடவிடுங்கள், பகலில் யன்னல் சீலையை விலக்கி வையுங்கள், சீலைக்குப் பின்னால் சூடு போகாததால்தான் கண்ணாடி இவ்வளவு குளிர்கிறது. காலையில் கீழே தேங்கிய தண்ணீரைத் துவாயால் ஒற்றி எடுங்கள். இதெல்லாம் செய்தும் மீற்றர் இறங்கவில்லை என்றால் ஈரம் சுவர் வழியாகவோ நிலத்திலிருந்தோ வருகிறது, அது சமையல் இல்லை.

பூஞ்சணத்தையும் மீற்றர் காட்டும் எண்ணையும் படம் எடுத்து, திகதியோடு வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொன்னது நிற்காது. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வீட்டை நல்ல நிலையில் பராமரிப்பது உரிமையாளரின் கடமை. நீங்கள் குடிவரும்போதே அப்படித்தான் இருந்தது என்று அவர் சொல்லித் தப்ப முடியாது. அசையவில்லை என்றால் நகரசபையின் 311 இலக்கத்தை அழையுங்கள், அதற்கும் மேலே வாடகைச் சபையில் ரி-6 என்ற பராமரிப்பு விண்ணப்பம் இருக்கிறது. பிள்ளைக்கு இருமல், இழுப்பு இருந்தால் வைத்தியரிடம் பூஞ்சணம் பற்றியும் சொல்லுங்கள்.

கேள்வி: கொண்டோவில் பதினான்காம் மாடி. வரவேற்பறைக் கண்ணாடியின் நடுவில் மங்கல். யார் செலவு?
— வாசகர், மிசிசாகா

பதில்: அநேகமாக கொண்டோ கோப்பரேஷனின், அதாவது உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பின், செலவு. உயர்மாடிக் கட்டடங்களில் வெளிக் கண்ணாடி பெரும்பாலும் பொதுப்பகுதிக்குள் வரும். ஆனால் உங்கள் கட்டடத்தின் டிக்ளறேஷன் என்ற அடிப்படைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முடிவு, அதில் யன்னல், எல்லை, பராமரிப்பு என்று வரும் பந்திகளைப் படியுங்கள். பிறகு மனேஜ்மென்றுக்குப் படத்தோடு எழுதுங்கள். நீங்களாக ஆளைப் பிடித்து மாற்றிவிட்டுக் காசு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: யன்னல் போட்டு ஆறு வருடம்தான். அதற்குள் இரண்டில் நடுவில் ஈரம். போட்டவர் தொலைபேசி எடுப்பதில்லை. ரசீதையும் காணவில்லை.
— வாசகி, ஏஜின்கோர்ட்

பதில்: போட்டவர் எடுக்காவிட்டால் போகட்டும், செய்தவரைத் தேடுங்கள். வெயில் நேரத்தில் யன்னலுக்குக் கிட்டப் போய், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஓடும் அந்த இடைப்பட்டியைக் கவனமாகப் பாருங்கள். பல யன்னல்களில் அந்தப் பட்டியின் முகத்தில் பொடி எழுத்தில் தயாரித்தவரின் பெயரும் செய்த மாதமும் வருடமும் அச்சிடப்பட்டிருக்கும். சிலவேளை மேல் பட்டியில், சிலவேளை பக்கத்தில். கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் வாசிக்கலாம். அதைப் படம் எடுத்து, மங்கலையும் படம் எடுத்து, தயாரித்த கொம்பனிக்கு நேரடியாக அனுப்புங்கள். சீல்ட் யூனிற்றுக்கு பத்து வருடம், இருபது வருடம் என்று உத்தரவாதம் கொடுப்பது வழக்கம், ஆறு வருடத்தில் போனது அதற்குள் அநேகமாக அடங்கும். ஆனால் இரண்டு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். கண்ணாடி இலவசமாகக் கிடைக்கும், போடும் கூலி உங்கள் தலையில் வரலாம். வீட்டை நீங்கள் இன்னொருவரிடம் வாங்கியிருந்தால் உத்தரவாதம் உங்களுக்கு மாறி வந்ததா என்று கேட்பார்கள், சில கொம்பனிகள் மாற்றித் தருவதில்லை.

கட்டடக்காரரிடம் புதுவீடு வாங்கியவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: முதல் வருடம் முடிவதற்குள் எல்லா யன்னலையும் ஒரு குளிர்க் காலையில் சுற்றிப் பாருங்கள், மங்கல் கண்டால், ஒன்ராறியோவில் புதுவீட்டு உத்தரவாதத்தைக் கவனிக்கும் ராரியோனுக்குக் கொடுக்கும் வருடமுடிவுப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். கட்டடக்காரரின் ஆளிடம் வாயால் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவும் அப்பாவும் தனியாக இருக்கிறார்கள். போன கிழமை வீட்டுக்கு வந்த ஒருவரிடம் எட்டு யன்னல் மாற்றக் கையெழுத்து வைத்து முற்பணமும் கொடுத்துவிட்டார்கள். ஒரேயொரு யன்னலில்தான் மங்கல். ஏதாவது செய்யலாமா?
— வாசகி, பிக்கரிங்

பதில்: செய்யலாம், ஆனால் உடனே. ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக்கு வந்து விற்று 50 டொலருக்கு மேல் செய்த ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். "ஓடர் போட்டுவிட்டோம்", "கண்ணாடி வெட்டிவிட்டோம்" என்று சொன்னாலும் அந்த உரிமை போகாது. ஒரு பக்கக் கடிதம் போதும்: ஒப்பந்தத் திகதி, பெயர், முகவரி, ரத்துச் செய்கிறோம் என்ற ஒரு வரி. மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, ஆதாரத்தை வைத்திருங்கள். முற்பணத்தை 15 நாளுக்குள் அவர்கள் திருப்பித் தர வேண்டும். 10 நாள் கடந்திருந்தாலும் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், சட்டம் கேட்கும் விபரங்கள் அதில் இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்குள் ரத்துச் செய்ய இடம் இருக்கிறது. அம்மா அப்பாவைக் குறை சொல்ல வேண்டாம். கதவைத் தட்டி வந்தவரை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்கும் மனிதர்களை இவர்கள் தேடித்தான் வருகிறார்கள்.

கேள்வி: சீல் போன யன்னலால் ஹீற்றிங் பில் எவ்வளவு கூடும்?
— வாசகர், ஒட்டாவா

பதில்: ஒரு யன்னலால் பில்லில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடாது. ஒற்றைக் கண்ணாடியின் சூடு தடுக்கும் திறன் ஏறத்தாழ ஆர்-1, வெறும் இரட்டைக் கண்ணாடி ஆர்-2, லோ-ஈயும் ஆர்கனும் சேர்ந்தால் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. சீல் போனாலும் இரட்டைக் கண்ணாடி இரட்டைக் கண்ணாடிதான். ஆர்கன் போவதைவிட ஈரம் பட்டு லோ-ஈயின் வெள்ளிப் பூச்சு கறுத்துப் போவதுதான் கூடிய நட்டம். யன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும்போது குளிர்கிறது என்றால் பல வீடுகளில் காரணம் வேறு: திறந்து மூடும் பகுதியைச் சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து காற்று வருகிறது. அந்த ரப்பரை மாற்றச் செலவு மிகக் குறைவு, அதை முதலில் செய்யுங்கள்.

கேள்வி: கண்ணாடியை வாங்கி நாங்களே போட முடியுமா? மகன் கைவேலை தெரிந்தவன்.
— வாசகர், விற்பி

பதில்: படுக்கை அறையில் திறந்து மூடும் சின்ன யன்னல் என்றால் முடியும். வரவேற்பறைப் பெரிய கண்ணாடியைத் தொட வேண்டாம், அதன் பாரத்துக்கு இரண்டு ஆள்கூடப் போதாது.

கண்ணாடியைப் பிறேமோடு பிடித்திருக்கும் பட்டியைக் கழற்றாமல், வெளியே தெரியும் பகுதியை மட்டும் அளந்து ஓடர் கொடுத்தால் அளவு பிழையாகிவிடும். பட்டியை எடுத்து, கண்ணாடியின் விளிம்பிலிருந்து விளிம்பு வரை அகலமும் உயரமும், கூடவே முழுத் தடிப்பும் அளக்க வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் லைற்றரைக் கொளுத்திப் பிடித்துச் சாய்ந்து பாருங்கள்: இரட்டைக் கண்ணாடியில் நான்கு சுடர் தெரியும், ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் அந்தப் பக்கத்தில் லோ-ஈ இருக்கிறது. எத்தனையாவது சுடர் என்று குறித்துக்கொண்டு கடையில் சொன்னால், புதியது மற்ற யன்னல்களின் நிறத்தோடு பொருந்தி வரும். பழைய கண்ணாடிக்கு அடியில் இருந்த சின்ன ரப்பர் கட்டைகளை அதே இடத்தில் திரும்ப வையுங்கள், கண்ணாடி நேரே பிறேமில் குந்தக் கூடாது. வடியும் துளைகளை அந்தக் கட்டை மறைக்கவும் கூடாது. கதவுக்குப் பக்கத்திலோ குளியலறையிலோ இருக்கும் யன்னல் என்றால் பழைய கண்ணாடியின் மூலையில் மங்கலாக ஒரு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அது ரெம்பர்ட் கண்ணாடி. அந்த இடத்துக்குத் திரும்பவும் ரெம்பர்ட் என்றே கேட்டு வாங்க வேண்டும், சொல்லாமல் விட்டால் சாதாரணக் கண்ணாடி வந்து சேரும்.